தொட்டாலே கண்டுபிடிக்கும் கை

கோயம்புத்தூரில் தெய்வசிகாமணி என்றொரு மில் முதலாளி. அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரமே அசையும். அதில் பேத்தியை உட்காரவைத்து ஊட்டி மலை ஏறப் போகிறாராம்! ஸ்டியரிங் பாக்ஸை மாற்றாமல் வண்டியை விடமாட்டேன் என்று மெக்கானிக் அம்சவேணி ஒற்றைக்காலில் நின்றாள்.

"புதுசு என் கைக்கு ஆகாது. தொட்டாலே கண்டுபிடிச்சிருவேன்" என்றார் முதலாளி.

"மாட்டித் தர்றேனுங்க. பிடிக்கலீன்னா பழசையே போட்டுடலாமுங்க."

மறுநாள் கார் கிளப் நண்பர்களோடு வந்து ஓட்டிப் பார்த்தார். "தூ! இதெல்லாம் ஒரு ஸ்டியரிங்கா? பழசையே போடு!"

"சரிங்க."

அதற்கு மறுநாள் ஓட்டிவிட்டு இறங்கியவருக்கு முகமெல்லாம் பல். நண்பர்களிடம் மார்தட்டினார். "பாத்தீங்களா, என்னோட பழைய பாக்ஸ்! வெண்ணெயாட்டம் திரும்புது!"

கார் கிளம்பிய இடத்தில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. அம்சவேணி அவற்றைக் காட்டினாள்.

"புது சாமான் மாட்டுனாத்தான் நாங்க சக்கரத்துக்குப் பழம் வெப்பமுங்க. நேத்து வெக்கலீங்க."

நண்பர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் மேஜையடியில் இருந்த பழைய பாக்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நேத்து நீங்க துப்புனது இதைத்தானுங்க. தொட்டுப் பாருங்க, தெரியும்."