நிறம் வராத குப்பி

"எங்க குளத்துல குளோரின் ஏறவே மாட்டேங்குது, டீச்சர்" என்றாள் முத்துப்பேச்சி.

ரெஜினா நீளக் கம்பில் கட்டிய வலையால் ஓட்டல் குளத்தில் விழுந்திருந்த வேப்பம்பூவை அள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா. ஒன்பது நாளும் பூஜ்யம். நோட்டுல எழுதியிருக்கேன்."

"என்ன செஞ்சீங்க?"

"மூணாம் நாள் ஒரு கேன் குளோரின் மருந்து ஊத்துனேன். பூஜ்யம். ஆறாம் நாள் இன்னொரு கேன். பூஜ்யம். மிஷினை அதுக்கும் முந்தியே முழுசா நூறுல வச்சுட்டேன். அப்பவும் பூஜ்யம்."

ரெஜினா இப்போது திரும்பினாள். முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. நீலச் சேலையின் கீழ்க்கரையைப் பார்த்தாள். அங்கே நீலம் போய்த் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

பார்த்துவிட்டு மறுபடி வேப்பம்பூ அள்ளினாள்.


முத்துப்பேச்சிக்கு ஐம்பத்துநான்கு வயது. ரெஜினாவுக்கு முப்பத்தொன்று. தூத்துக்குடியில் இரண்டு ஓட்டல்களின் நீச்சல் குளங்கள் ரெஜினாவின் பொறுப்பில் இருந்தன. தன்னைவிட இருபத்துமூன்று வயது இளையவளிடம் குளத்து வேலை கற்றுக்கொண்ட முத்துப்பேச்சி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

முத்துப்பேச்சி இருபத்தாறு வருடம் உப்பளத்தில் இருந்தாள். தண்ணீரிலிருந்து உப்பு எடுத்தாள். இப்போது நான்கு வருடமாகத் தண்ணீருக்குள் உப்பைப் போடுகிறாள்.

அவள் பார்த்துக்கொள்வது ஒரு சிகிச்சை இல்லத்தின் குளம். பக்கவாதம் வந்தவர்கள் அதில் இறங்கி நடந்து பழகுவார்கள். அறுபதாயிரம் லிட்டர். எட்டு மூட்டை உப்பு. அந்த உப்பிலிருந்து ஒரு மிஷின் குளோரினைப் பிரித்துத் தரும். குளோரின் கிருமியைக் கொல்லும். சோதனையில் குளோரின் வராத நாளில் யாரும் இறங்கக் கூடாது. அது இல்லத்தின் விதி.

மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து வந்து தண்ணீரைச் சரிசெய்து போனவர் வராமல் நின்றுவிட்டார்.

"நானே பாத்துக்கிடுதேன்" என்று முத்துப்பேச்சி சொன்னாள்.

இல்லத்தின் செயலாளர் தாமோதரன் அப்போது சிரித்தார். ஒன்பது நாள் குளம் மூடிக் கிடந்த பிறகு அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பத்து மணி. அதுக்குள்ள ஆள் இறங்கணும். இல்லன்னா மணலைக் கொட்டி மூடிட்டு ஷெட்டு போடப் போறேன்."

இன்று செவ்வாய்க்கிழமை.


"நேரா சொல்லிருங்களேன், டீச்சர்."

"நான் சொன்னா சரியாகும். நாளைக்கு வேற ஒண்ணு வரும். அதுக்கும் வருவீங்க."

"வந்தா என்ன?"

"நான் இல்லாத நாளும் வரும்லக்கா." ரெஜினா வலையைச் சாய்த்து வைத்தாள். "எப்படிச் சோதிக்கிறீங்க? செஞ்சு காட்டுங்க."

முத்துப்பேச்சி பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். குளத்துத் தண்ணீர் நிறைந்த பாட்டில். கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. மாத்திரை அட்டை. நிற அட்டை.

"தண்ணி எங்க எடுத்தீங்க?"

"மேலாக எடுக்கல. முழங்கை முங்குற ஆழம். தண்ணி வந்து விழுற ஓட்டைப் பக்கம் எடுக்கல."

ரெஜினா தலையசைத்தாள்.

முத்துப்பேச்சி கோடு வரை தண்ணீர் ஊற்றினாள். கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு சொட்டைக் குறைத்தாள். மாத்திரையை நசுக்கிப் போட்டாள். மூடினாள். பத்து தடவை குலுக்கினாள். பிறகு அறுபது எண்ணினாள்.

குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாக வேண்டும்.

அறுபதாவது எண்ணில் குப்பியை வெள்ளைச் சுவருக்கு நேராகத் தூக்கினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"பாத்தீங்களா? பூஜ்யம்."

"அறுபதும் எண்ணினீங்களா?"

"ஒண்ணு கூட விடல."

"எண்ணும்போது எங்க பாத்தீங்க?"

"கடியாரத்தை."

ரெஜினா வலையை எடுத்துக்கொண்டு குளத்தின் மறுபக்கம் போய்விட்டாள்.


"அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திருமோ?" என்று கேட்டார் லாசர்.

இல்லத்தில் சிகிச்சை பெறும் லாசர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது இடது கையும் இடது காலும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. தரையில் சக்கர நாற்காலி. குளத்துக்குள் மட்டும் கம்பியைப் பிடித்து நடப்பார். குளம் மூடுவதற்கு முந்தின நாள் இருபத்துமூன்று அடி நடந்தார். அதையும் முத்துப்பேச்சி நோட்டில் எழுதியிருந்தாள். அவர் வைக்கும் ஒவ்வொரு அடியும் அந்த நோட்டில் எண்ணாக இருந்தது.

"அவங்க கேள்வி கேட்டிருக்காங்க, அண்ணாச்சி."

"கேள்வி என்கிட்டயும் இருக்கு. கடலே என்னைய இறங்காதன்னு சொன்னதில்ல. இந்தத் தொட்டிக்கு என்ன அவ்வளவு கிராக்கி?"

"குளோரின் இல்ல."

"மூக்குக்குத் தெரியுது. மருந்து வாடை ஆளைத் தூக்குது."

"வாடையை நோட்டுல எழுத முடியாது. எண்ணு வேணும்."

லாசர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"சேலைக்கு எப்பம் வெள்ளைக் கரை போட்ட?"

"சாயம் மோசம்."

"ஒரு வருஷம் போகாத சாயம் ஒன்பது நாள்ல போச்சாக்கும்."




புதன்கிழமை காலை முத்துப்பேச்சி கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

குளத்தை மூடியிருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கித் தண்ணீர் எடுத்தாள். மாத்திரையைப் போட்டாள். குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாய் மட்டும் எண்ணியது.

ஒன்று.

இரண்டு.

குப்பிக்குள் ரோஜா நிறம் பளிச்சென்று எழுந்தது. செம்பருத்தியைக் கசக்கியது போல அடர்ந்தது.

ஐந்தில் வெளுத்தது.

ஏழில் இல்லை.

அறுபதில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அவள் மறுபடி செய்தாள். மறுபடி வந்தது. மறுபடி போனது.

குப்பியைக் கையில் பிடித்தபடியே ஓட்டலுக்கு ஓடினாள். அரை மைல். லாசர் பின்னாலிருந்து கத்தினார்: "ஏ பேச்சி! செருப்பைப் போட்டுட்டுப் போ!"


"வந்தது, டீச்சர்!"

"என்ன வந்தது?"

"நிறம். ரெண்டுல வந்துச்சு. ஏழுல போயிருச்சு."

"வந்ததை ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"அறுபதுல இல்லையே."

"எங்க போச்சு?"

முத்துப்பேச்சி குப்பியைப் பார்த்தாள். குப்பிக்கு அடியில் பார்த்தாள். ரெஜினாவைப் பார்த்தாள்.

ரெஜினா டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அக்கா, உப்பு விளையிற பாத்தி இருக்குல்ல. உப்பை வாரினதுக்கப்புறம் மிஞ்சுற தண்ணி. அதை நாக்குல வச்சிருக்கீங்களா?"

"வைக்காம இருப்பனா?"

"எவ்வளவு கைப்பு?"

"அது எப்படித் தெரியும்? அதுல ஒரு சொட்டு பட்டா நாக்கு செத்துப்போகும். கைப்பும் தெரியாது, உப்பும் தெரியாது, ஒண்ணுமே..."

நிறுத்தினாள்.

ரெஜினா டீயைக் குடித்து முடித்தாள்.

உப்பளத்தில் மேஸ்திரி அந்தத் தண்ணீரை ருசி பார்க்கச் சொல்வார். முத்துப்பேச்சி ஒரு சொட்டை ஒரு செம்பு நல்ல தண்ணீரில் விடுவாள். அதிலிருந்து ஒரு வாய் எடுத்து எவ்வளவு கைப்பு என்று சரியாகச் சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருடம் அப்படித்தான் சொன்னாள்.

போய்வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் திரும்பி ஓடினாள்.


தண்ணீரை அளந்து எடுக்க மருந்து அறையில் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கினாள்.

முதலில் குடிக்கிற கேன் தண்ணீரை மட்டும் குப்பியில் ஊற்றி மாத்திரை போட்டாள். அறுபது எண்ணும் வரை பார்த்தாள். நிறம் வரவே இல்லை. நல்லது. அந்தத் தண்ணீரில் குளோரின் இல்லை.

பிறகு பாதி கேன் தண்ணீர், பாதி குளத்துத் தண்ணீர். நிறம் வந்தது. பன்னிரண்டு எண்ணும் வரை நின்றது. போய்விட்டது.

பிறகு ஒன்பது பங்கு கேன் தண்ணீர், ஒரு பங்கு குளத்துத் தண்ணீர்.

ரோஜா நிறம் வந்தது.

இருபதில் இருந்தது. நாற்பதில் இருந்தது. அறுபதில் இருந்தது. எழுபது வரை எண்ணினாள். அப்போதும் இருந்தது.

நிற அட்டையோடு ஒட்டிப் பிடித்தாள். இரண்டு.

பத்தில் ஒரு பங்கில் இரண்டு.

"என்ன பேச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"இருபது, அண்ணாச்சி."

"இருபதா? எவ்வளவு இருக்கணும்?"

"மூணு."

லாசருக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"இல்ல இல்லன்னு கேன் கேனா ஊத்துனியே!"

முத்துப்பேச்சி குனிந்து சேலைக் கரையைப் பார்த்தாள். சாயம் மோசமில்லை. நிறத்தைத் தின்கிற தண்ணீர் சேலையை விடவில்லை. மாத்திரையின் நிறத்தையும் விடவில்லை.

நோட்டைத் திறந்தாள். ஒன்பது பூஜ்யங்களின் மேல் ஒன்பது கோடுகள் இழுத்தாள்.

மிஷினை நிறுத்தினாள். பம்பை மட்டும் ஓட விட்டாள். பிறகு தார்ப்பாயின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மொத்தம் பதினான்கு.

"வெயில் பட்டாப் பாசி பிடிக்கும்னு நீதான மூடுன?" என்றார் லாசர்.

"நான்தான் மூடுனேன். நான்தான் திறக்கேன்."

தூத்துக்குடி வெயில் குளத்தின் மேல் இறங்கியது. அந்த வெயில் தண்ணீரை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளோரினை என்ன செய்யும் என்று சாயந்தரம் குப்பி சொன்னது.

பன்னிரண்டு.


வியாழக்கிழமை மதியம் ஏழு. சாயந்தரம் நான்கரை. இப்போது தண்ணீர் கலக்காமலே நிறம் அறுபது வரை நின்றது.

குளோரின் நிறத்தைத் தின்றுகொண்டிருந்தவரை அடுத்த சோதனையையும் நம்ப முடியாமல் இருந்தது. இப்போது அதையும் செய்தாள். தண்ணீரில் காரம், அதாவது பி.எச்., ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. எட்டு காட்டியது. ஏழரைக்குக் கீழே வர வேண்டும். உப்புத் தண்ணீர்க் குளத்தில் காரம் தானாகவே ஏறும் என்று மதுரைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. காரம் ஏறினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது.

வாளியில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்தாள். அதில் முக்கால் லிட்டர் ஆசிட்டை மெதுவாக விட்டாள். ஆசிட்டில் தண்ணீரை விடவில்லை. குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஊற்றினாள். பம்பு நான்கு மணி நேரம் ஓடியது.

ஏழு புள்ளி நான்கு.

அன்று இரண்டு தடவை டீச்சரிடம் போகலாம் என்று நினைத்தாள். இரண்டு தடவையும் போகவில்லை.


வெள்ளிக்கிழமை பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மணல் லாரி வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே தாமோதரன் வந்தார்.

"என்னம்மா, பூஜ்யம்தானே?"

"நீங்களே பாருங்க, சார்."

அவர் முன்னால் தண்ணீர் எடுத்தாள். முழங்கை முங்கும் ஆழம். மாத்திரையைப் போட்டாள். குலுக்கினாள். எண்ணத் தொடங்கினாள்.

தாமோதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடியாரத்தைப் பாக்காதீங்க, சார். குப்பியைப் பாருங்க."

அவர் பார்த்தார்.

ரோஜா நிறம் வந்தது. நின்றது.

அறுபதில் அட்டையோடு சேர்த்துப் பிடித்தாள். மூன்று. ஒரு இழை கூடவோ குறையவோ இல்லை.

"மதுரைக்காரரைக் கூப்பிட்டியா?"

"இல்ல, சார்."

"அந்த ஓட்டல் பொண்ணு வந்து செஞ்சுதா?"

"அவங்க இந்தக் குளத்தைக் கண்ணால பாத்ததே இல்ல."

தாமோதரன் குப்பியை வாங்கி வெயிலுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் வெளுத்த அந்த நீலச் சேலையைப் பார்த்தார். வாசலுக்கு நடந்தார்.

லாரியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் தூரத்துக்குப் போனது.

"ஏ பேச்சி" என்றார் லாசர். "இன்னும் என்ன நிக்க? என்னைய இறக்கு."


ரெஜினா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது பதினொன்றாகியிருந்தது. இரண்டு நாளாக யாரும் கேள்வி கேட்க வரவில்லை என்பதால் வந்திருந்தாள்.

குளத்தைப் பார்த்தாள். அடியில் பதித்திருந்த ஒவ்வொரு ஓடும் தெளிவாகத் தெரிந்தது.

குளத்துக்குள் லாசர் இருந்தார். பயிற்சியாளர் அவருக்குப் பின்னால் கையை நீட்டியபடி நின்றார். தொடவில்லை. லாசருக்கு முன்னால் குளத்தின் மறுபக்கச் சுவர் இருந்தது. அதுவரை அவர் அந்தச் சுவருக்குப் போனதில்லை.

வலது கையால் அதை அறைந்தார். தண்ணீர் தெறித்தது.

"கரை சேந்தாச்சு!" என்று கத்தினார். "பாத்தியா பேச்சி? கரை சேந்தாச்சு!"

முத்துப்பேச்சி குளத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். முழங்கால் வரை நனைந்திருந்தாள். நோட்டு கையில் திறந்திருந்தது. அன்றைய தேதி இருந்தது. குளோரின் மூன்று இருந்தது. ஏழு புள்ளி நான்கு இருந்தது. லாசர் என்ற பேர் இருந்தது. பேருக்கு நேராக ஒன்றும் இல்லை.

ரெஜினா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை அடிக்கா?"

முத்துப்பேச்சி நோட்டைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள்.

"எண்ணல, டீச்சர்" என்றாள். "பாத்துக்கிட்டு இருந்தேன்."