அவியல் எழுதிய நாள்

மலையடிவாரத்து மடத்துக்கு எழுத்தாளர் திருமலைக்கொழுந்து வந்து இறங்கியபோது அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. உறையில் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது.

மடத்தை நடத்தும் உலகம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கொழுந்துக்கு அறுபது. இருந்தும் பத்து வருடமாக அந்த அம்மைதான் குரு, இவர்தான் சீடர். யாராவது கேட்டால், "வயசைப் பாத்தா டாக்டர்கிட்ட போறோம்?" என்பார்.

"அம்மை, எழுத்து என்னை விட்டுப் போயிட்டு."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. முப்பது புத்தகம் எழுதினவன். இப்போ பேனாவைத் தொட்டாலே சலிப்பா இருக்கு. இனிமே எழுதுறதா இல்லைன்னு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிட்டேன். நீங்க தொட்டுக் கொடுத்தா தபால்ல போட்டுருவேன்."

அம்மை உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகவரி நல்லாத்தானே எழுதியிருக்கீங்க?"

கொழுந்து சிரிக்கவில்லை.

"தபால்காரர் வெள்ளிக்கிழமைதான் இந்தப் பக்கம் வருவார். இன்னிக்கு சனி. அதுவரைக்கும் பந்திப் பலகையை எழுதுங்க" என்று உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

மடத்தில் தினமும் மதியம் அறுபது எழுபது பேர் சாப்பிடுவார்கள். மலைக்கோயிலுக்கு வந்தவர்கள், எஸ்டேட் ஆட்கள், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும் கண்டக்டரும் டிரைவரும். அன்றைக்கு என்ன சாப்பாடு என்று கூடத்து வாசலில் உள்ள கரும்பலகையில் எழுத வேண்டும். கடைசி இலை எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். ஒருமுறை துடைக்க மறந்து, மறுநாள் வந்தவர்கள் முந்தின நாள் பாயசத்தைக் கேட்டு மல்லுக்கு நின்றார்கள். அதிலிருந்து அது சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை, சமையல்காரர் ஆவுடையப்பனிடம் கேட்டுக் கொழுந்து எழுதினார்: "சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு."

திங்கட்கிழமையும் அதேதான். எழுதி முடித்துச் சற்று நேரம் நின்றார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்தார்: "நேற்று வெட்டிய பூசணி பெரிது."

கண்டக்டர் குற்றாலிங்கம் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். சத்தம் கேட்டு ஆவுடையப்பன் கரண்டியோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, என் பூசணியைப் பரிகாசம் பண்ணுதீரு?"

"உண்மையைத்தான்வே எழுதினேன்."

"உண்மைன்னா முழுசா எழுதும். இன்னும் கால்வாசி கிடக்கு."

செவ்வாய்க்கிழமை பலகை சொன்னது: "பூசணி இன்றோடு விடைபெறுகிறது. ரசத்தில் மிளகு கூடுதல். கண்ணீர் அதனால்தான்."

அதன்பிறகு பலகையைப் படிப்பதற்காகவே ஆட்கள் பந்திக்கு முன்னால் வரத் தொடங்கினார்கள். கொழுந்து காலையில் குளித்த ஈரத்தோடு அடுக்களைக்குப் போவார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்ப்பார். ஆவுடையப்பன் அவர் கையைத் தட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை தபால்காரர் வந்தார்.

"கொடுக்கிறதுக்குத் தபால் இருக்கா ஐயா?"

"கொஞ்சம் பொறும். வெண்டைக்காயோட வழவழப்புக்கு ஒரு வார்த்தை தேடிட்டிருக்கேன்."

தபால்காரரும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். இரண்டும் தேறவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். உறை கொழுந்தின் பையிலேயே இருந்தது.

அன்று மதியம் ஈரத்துணியைக் கையில் எடுத்தவருக்குத் துடைக்க மனம் வரவில்லை. ஒரு நோட்டு வாங்கி, ஆறு நாள் வரிகளையும் ஞாபகத்திலிருந்து எழுதிவைத்தார். அப்புறம்தான் பலகையைத் துடைத்தார். இதையே ஒரு புத்தகமாகப் போடலாமே என்று தோன்றியது. அப்படியானால் நாளைய வரியை இப்போதே நன்றாக எழுதிவிடலாம். அவியலைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அடித்தார், திருத்தினார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பதினொரு வரி வந்திருந்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

சனிக்கிழமை காலை அவர் அடுக்களைப் பக்கம் போகவே இல்லை. நேராகப் பலகைக்கு வந்து, நோட்டைப் பார்த்து எழுதினார்.

பந்தியில் இலை போட்டாயிற்று. ஆவுடையப்பன் சோறு வைத்தார், கொள்ளு ரசம் ஊற்றினார், ஒரு அப்பளம் வைத்தார்.

"அவியல் எங்கவே?" என்றார் குற்றாலிங்கம்.

"எந்த அவியல்?"

"பலகையில மணக்குதே!"

ஆவுடையப்பன் வாசலுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். "அது நான் வச்சதில்ல. எழுதினவரையே பரிமாறச் சொல்லும்."

"கொழுந்து ஐயா, நாலாவது வரியில ஒரு முருங்கைக்காய் கிடக்கு. அதை இங்க தள்ளும்!"

"எனக்கு ஏழாவது வரி. தேங்காய் தாராளமா இருக்கு!"

கூடமே சிரித்தது. கொழுந்து தானும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு அம்மை கடைசி இலையில் உட்கார்ந்தார். கொழுந்து எதிரே வந்து அமர்ந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருந்தேன் அம்மை."

"நானும் படிச்சேன். பிரமாதமான அவியல்."

"பதினொரு வரி. எழுதும்போது ஒரு இடத்துலகூட எனக்குச் சிரிப்பு வரலை. ஆறு நாள் இருந்தது, மறுபடி போயிட்டு." பையைத் தொட்டுக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கிழமை இதைப் போட்டுரட்டுமா?"

"ரசம் குடிச்சீங்களா?"

"இல்ல."

அம்மை ஆவுடையப்பனைப் பார்த்தார். அவர் ஒரு டம்ளர் ரசம் கொண்டுவந்து நீட்டினார். கொழுந்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஆவுடை, இதென்னவே இப்படி ஒரு வாசம்? கொள்ளை வறுத்து அரைச்சீரா?"

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "வறுக்கும்போது லேசா கருகிட்டு அண்ணாச்சி. ருசியா இருக்குன்னு எல்லாரும் ரெண்டு தரம் வாங்கினாங்க. வெளிய சொல்லிராதீரும்."

கொழுந்துக்குப் புரையேறிவிட்டது. இருமலும் சிரிப்புமாகத் தலையில் தட்டிக்கொண்டார். கண் பலகைப் பக்கம் போனது.

"நாளைக்கு என்னவே சமையல்?"

"எனக்கே தெரியாது. காலையில சந்தைக்குப் போனாத்தான் தெரியும்."

அம்மை இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"நீங்களும் கூடப் போங்க. வாங்க வேண்டியதை எழுதிக்கத் தாள் இருக்கா?"

கொழுந்து சட்டைப்பையில் கைவிட்டார். உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த தாளைப் பின்பக்கமாகத் திருப்பித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"இருக்கு அம்மை. சொல்லுங்க."

"புளி, உப்பு. மத்ததை அங்க கண்ணால பாத்துட்டு எழுதிக்கலாம்."