ஜன்னல் அடைத்த கூடம்

பூரணத்தம்மாவின் சீடர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். ஞானத்தில் அல்ல, வயதில். அவருக்கு அறுபத்து நாலு. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அரசாங்கக் கட்டடங்களில் ஒழுகலை அடைத்துவிட்டு, கடைசியில் தன் மனமும் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தார். திருநெல்வேலி வீட்டைப் பூட்டிக்கொண்டு கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் அம்மாவின் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

கூடவே மனைவி வடிவம்மாளும் வந்தாள். அவளுக்கு ஞானமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. புருஷன் வந்தார், வந்தாள்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு காலை, பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஆவுடையப்பன் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒருத்தருக்குத் தியானம் ஆழமாயிட்டுன்னு எப்படி அம்மா கண்டுபிடிக்க?"

"அவசரமா?"

"அஞ்சு வருஷமாச்சு அம்மா."

"அப்ப இன்னும் பத்து நாள் பொறுங்க. அக்கா மகளுக்குக் கல்யாணம், போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் கூடத்தைப் பாத்துக்கங்க."

கூடத்தைப் பார்த்துக்கொள் என்றால் பெருக்கி வை என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆவுடையப்பன் பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டார்.

கூடம் என்பது கல் சுவர், தகரக் கூரை, எட்டு ஜன்னல். மதியம் இரண்டு மணி முதல் நாலு மணி வரை, வடிவம்மாளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் அங்கே உட்காருவார்கள். மார்கழி பிறந்துவிட்டால் உட்காருவது என்பது பேருக்குத்தான். ஒருவர் இருமுவார். ஒருவர் மூக்கைச் சிந்துவார். ஒருவர் போர்வையை இழுப்பார், பக்கத்தில் இருப்பவர் திரும்ப இழுப்பார். ஆவுடையப்பன் ஒரு நாள் எண்ணிப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பது அசைவு.

'குளிர்தான் எதிரி' என்று முடிவு செய்தார். அடைக்கும் வேலை அவருக்குப் புதிதல்ல.

எட்டு ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் தாள் வைத்து விளிம்பெல்லாம் பசை தடவி ஒட்டினார். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் சாக்கைத் திணித்தார். கதவுக்கு உள்பக்கம் கம்பளி தொங்கவிட்டார். நடுக்கூடத்தில் இரண்டு இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டினார். வெயில் இல்லாத நாளில் ஸ்வெட்டர் எங்கே காய்வது? அதற்கும் உள்ளேயே கயிறு கட்டினார். ஈரத் துணி நாற்றமும் சுவரில் பூத்த பூஞ்சை நாற்றமும் சேர்ந்து வந்தபோது சாம்பிராணி போட்டார்.

முதல் நாள் அசைவு நாற்பது. இரண்டாம் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் ஒருவர்கூட அசையவில்லை. கதவருகே நின்று பார்த்த ஆவுடையப்பனுக்கு நெஞ்சு விம்மியது.

சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. சுவருக்கே தவம் கூடிவிட்டது என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்கலாம் என்று நினைத்தார்.

வெளியே வந்தவர்கள் எல்லோரும் தலை பாரமாக இருக்கிறது என்றார்கள். அன்று மாலை வடிவம்மாளும் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே அதைத்தான் சொன்னாள்.

"ஏங்க, தலையே பொளந்துரும் போல இருக்கு. வயித்தைப் பெரட்டுது."

"நெத்தி நடுவுலயா?"

"நெத்தியில, பொடதியில, எல்லா எடத்துலயும்."

"நெத்தியிலதான் ஆரம்பிக்கும் வடிவு. ஆக்ஞா சக்கரம் தொறக்குது. நல்ல அறிகுறி. பொறுத்துக்கோ."

"அது என்னத்தையும் தொறந்துட்டுப் போகட்டும். நீங்க மொதல்ல ஜன்னலைத் தொறங்க."

"குளிர் வந்துருமே."

"வரட்டுமே. குளுந்தா ரெண்டு சேலையைச் சுத்திக்கிடுதேன்."

ஆவுடையப்பன் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் சும்மா உட்காராதவள், கோயிலில் சாமி கும்பிடும்போதும் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிறவள், மூன்றே நாளில் கல்லாட்டம் உட்கார்ந்துவிட்டாள். இதை இவளே வந்து கெடுத்தால் எப்படி? அவளுக்காகத்தான் அவர் பிடிவாதம் பிடித்தார். அதுதான் அதில் வேதனை.

ஏழாம் நாள் உறைபனி விழுந்தது. மூன்றாவது சட்டியும் வைத்தார்.

கல்யாணத்துக்குப் போன அம்மா மூன்று நாள் முன்னதாக அன்று மதியமே திரும்பிவிட்டார். ஜீப்பிலிருந்து பையோடு இறங்கியவரின் கண்ணில் முதலில் பட்டது ஒரு குதிரை. கூடத்துக்கு வெளியே கட்டிக் கிடந்தது. அதன் முதுகில் இன்னும் ஒரு கரி மூட்டை இறக்காமல் இருந்தது.

"மொக்கச்சாமி குதிரையில்ல இது? ஆளை எங்க?"

ஆவுடையப்பனின் முகம் மலர்ந்தது.

"உள்ள இருக்காரு அம்மா. தியானத்துல."

அம்மா சிரித்துவிட்டார். மொக்கச்சாமி மலையேறும்போது குதிரையோடு பேசிக்கொண்டு வருகிறவர். குதிரை பதில் சொல்லாவிட்டால் அதற்காகவும் தானே பேசுவார்.

"சிரிக்காதீங்க அம்மா. கரி எறக்க வந்தவரு, குளிருது, செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்னாரு. அரை மணி நேரம். அரையே மணி நேரத்துல அசையாம உக்காந்துட்டாரு. நான் அஞ்சு வருஷமா முட்டிக்கிட்டு நிக்கேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"நீங்க உள்ள உக்காரலையா?"

"நான் எங்க உக்கார? கரி சேக்கணும், சாம்பலைத் தள்ளணும். கால் மணிக்கு ஒருதரம் வெளிய வந்துருதேன். அதான் எனக்கு மட்டும் கூட மாட்டேங்கு."

அதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அம்மா பையைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் பின்னால் ஓடினார்.

அம்மா கம்பளியை விலக்கினார். மூன்று சட்டியிலும் கரி நன்றாகக் கனிந்து சிவப்பாக இருந்தது. புகையே இல்லை. பன்னிரண்டு பேரும், பதின்மூன்றாவதாக மொக்கச்சாமியும் தலை சாய்ந்து இருந்தார்கள். வடிவம்மாள் சுவரோரம் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"முகத்துல தேஜஸைப் பாத்தீங்களா?" என்றார் ஆவுடையப்பன், மெல்லிய குரலில்.

"வடிவம்மா!" என்று கூப்பிட்டார் அம்மா.

பதில் இல்லை.

"வடிவம்மா!"

தகரக் கூரை அதிர்ந்தது. அவள் இமைகூட அசையவில்லை. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டு தடவை என்ன என்று கேட்டவள்.

"நீங்க கூப்பிட்டே திரும்பல அம்மா. எங்கேயோ போயிட்டா."

"ஆமா, போயிக்கிட்டுத்தான் இருக்காங்க. காலைப் பிடிங்க."

அவருக்குப் புரியவில்லை. அம்மா கணப்புக் கிடுக்கியை எடுத்து அருகில் இருந்த ஜன்னலில் ஓங்கி அடித்தார். கண்ணாடி உடைந்து பிளாஸ்டிக் தாளும் கிழிந்தது. அடுத்த ஜன்னல். அதற்கு அடுத்தது. "காலைப் பிடிங்கன்னேன்!" என்று அம்மா கத்தியபோதுதான் அவருக்கு உடம்பு குளிர்ந்தது.

இருவரும் வடிவம்மாளைத் தூக்கிப் புல்லில் கிடத்தினார்கள். ஜீப் ஓட்டிவந்தவரும் ஓடி வந்தார். ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டார்கள். ஆறு பேர் தள்ளாடித் தாங்களாகவே வந்தார்கள். மொக்கச்சாமி குதிரையின் காலடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"வடிவு. ஏ வடிவு. இங்க பாரு."

அம்மா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையைத் தளர்த்தினார். மூச்சு இருந்தது, மெதுவாக. எலும்பைக் குடையும் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக எந்தக் காற்றை அடைத்து வைத்தாரோ, அது இன்னும் கொஞ்சம் வீசவேண்டுமே என்று ஆவுடையப்பன் கெஞ்சிக்கொண்டு மண்டியிட்டிருந்தார்.

ஜீப்பைத் திருப்பி நிறுத்தியபோது வடிவம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"குளுருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பொம்பளைய இப்படியா பனியில போட்டு வைப்பாக?" என்றாள்.

ஆவுடையப்பன் வாய்விட்டு அழுதார்.

அவளையும் இன்னும் மூன்று பேரையும் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். கரிக் கணப்பின் விஷக்காற்று என்றார் டாக்டர். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் முகமூடியைக் கழற்றியதும் வடிவம்மாள் கேட்டாள்.

"தலை வலிக்குன்னு சொன்னேம்லா?"

"சொன்னே."

"ஜன்னலைத் தொறங்கன்னு சொன்னேம்லா?"

"சொன்னே."

"கேட்டீகளா?"

அவர் போய்க் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"சரி, போய்க் காப்பி வாங்கிட்டு வாங்க. சீனி கூடப் போடச் சொல்லுங்க."

குடிலுக்குத் திரும்பிய அன்றே ஆவுடையப்பன் பெட்டியைக் கட்டிவிட்டார். அம்மாவின் முன் வந்து நின்றார்.

"ஊருக்குப் போறோம் அம்மா. தியானம் எது, சாவு எதுன்னு தெரியாதவன் இங்க இருக்கக் கூடாது."

"போங்க. அதுக்கு முன்னாடி, மூணு ஜன்னல் உடைஞ்சு கெடக்கே, அதை யாரு மாட்டுறது?"

"ஆள் சொல்லி அனுப்புதேன்."

"நீங்கதானே பொறியாளர்?"

அவர் பெட்டியை அவிழ்த்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்தார்.

மூன்று ஜன்னலுக்கு வந்தவர் எட்டையும் பார்த்தார். பிளாஸ்டிக்கை உரித்து, துருப்பிடித்த கீல்களை மாற்றி, எதிரெதிர் ஜன்னல்கள் ஒரே நேரத்தில் திறக்கும்படி செய்தார். திணித்த சாக்கைப் பிடுங்கிவிட்டு, கூரைக்குக் கீழே, உட்காருகிறவர் மேல் காற்று படாத உயரத்தில், நாலு திறப்பு விட்டார். துணிக் கயிற்றை வெளிச் சார்ப்புக்கு மாற்றினார். பூஞ்சையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். கணப்புச் சட்டிகளை முற்றத்துக்குக் கொண்டுபோய், அதில் கூழாங்கல்லைச் சுடவைத்து, சாக்கில் சுற்றி ஒவ்வொருவர் காலடியிலும் வைக்க ஏற்பாடு செய்தார். அளவு தப்பவில்லை, ஆணி வளையவில்லை. பத்து நாளில் கை பழைய கையாகிவிட்டது.

வேலைக்கு நடுவே ஒரு நாள் அம்மாவிடம் கேட்டார்.

"வாசல்லயே எப்படி அம்மா தெரிஞ்சுது?"

"மொக்கச்சாமி பேசலையே."

"எனக்கு வாசனைகூட வரலையே அம்மா."

"அதுக்கு வாசனை கெடையாது. பச்சை விறகு நல்லது, புகைஞ்சு கண்ணைக் கரிச்சு நம்மளை வெளிய வெரட்டிரும். கனிஞ்ச கரி வெரட்டாது. சொகமா இருக்கும்."

ஆவுடையப்பன் அடுத்த கீலைப் பூட்டினார். ஊருக்குப் போகும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, மற்ற யாரும் எடுக்கவில்லை.

தை பிறந்து கூடத்தில் மறுபடி உட்கார்ந்தார்கள். ஜன்னல்களைக் கால் மணி நேரம் முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, பிறகு பாதி சாத்தினார் ஆவுடையப்பன். அது அவர் பொறுப்பு. அதன் பின் முதல்முறையாக, இடையில் எழுந்து போக வேண்டிய வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்தார்.

மலையிலிருந்து இறங்கிய காற்று மேலே இருந்த திறப்பு வழியாக வந்து, அளவாகத்தான் வந்தது என்றாலும், வந்தது. ஒருவர் இருமினார். ஒருவர் மூக்கைச் சிந்தினார். இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வடிவம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், அம்மாடி என்னா குளுரு என்றாள். போர்வை ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் திரும்ப இழுபட்டது.

ஆவுடையப்பனுக்குப் பல் கிட்டியது. கண்ணை மூடுவார், திறப்பார். கடைசியில் தாங்கமுடியாமல் எதிரே இருந்த அம்மாவிடம் குனிந்து கிசுகிசுத்தார்.

"அம்மா, இந்தக் குளிர்ல எப்படித் தியானம் பண்ண?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"குளிருதுன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது அம்மா."

"அங்கேருந்து ஆரம்பிங்க."