மூன்றாவது டாக்டர்

கொட்டக்குளம் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் கேட்டு ஊரே மனுப் போட்டது. முதல் கைநாட்டு, அங்கே கூட்டிப் பெருக்கும் எசக்கியம்மாளுடையது. விசாரிக்க வந்த பெரிய அதிகாரி டாக்டர் தணிகாசலம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு எசக்கியம்மாளிடம் கொதித்தார்.

"பதிவுல மூணு டாக்டர் இருக்காங்க. மூணு பேரையும் இப்பவே என் முன்னால நிறுத்து. இல்லேன்னா உன் வேலை போச்சு!"

எசக்கியம்மாள் மாலை போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்தாள். "செத்த பெறவும் இவரு லீவு போடலய்யா." அடுத்துச் செல்போனை நீட்டினாள். வீடியோவில் துபாயிலிருந்து இரண்டாவது டாக்டர் கும்பிட்டார்.

"மூணாவது ஆளு எங்கே?"

"நீங்கதான்யா. மாத்தலாகி நீங்க போனீய, பேரு போவல. வெளிய காய்ச்சல்ல வெட்டிவெட்டி இழுக்குற பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கா. வந்து பாருங்க."

வாசலில் கூட்டம் சிரித்தது. பழக்கம் விட்டுப்போன தணிகாசலத்தின் விரல்கள் குழந்தையின் நாடியைத் தேடின, பிடிபடவில்லை. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டுக் காரேறினார். தாய் பிள்ளையோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுவாரம் உத்தரவு வந்தது: 'மூன்று மருத்துவர்களும் நேரில் சரிபார்க்கப்பட்டனர். கூடுதல் மருத்துவர் தேவையில்லை.'

எசக்கியம்மாள் பூக்கடைக்குப் போய், டாக்டருக்கு ஒன்றாக மூன்று மாலை வாங்கிவந்தாள்.