நாகவங்கி கேட்ட கேள்வி

வெகுகாலத்துக்கு முன்னே, பெயர் மறந்துபோன ஒரு தேசத்தை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருக்குக் கோமளாங்கி என்று ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தக் கால் நட்டாயிற்று. மணமகள் மேல்கையில் அணியவேண்டிய வங்கி எது என்று பார்ப்பதுதான் பாக்கி. பொக்கிஷ அறையிலிருந்து மாங்காய் வங்கி, கெம்புக்கல் வங்கி, முத்துக் கோத்த வங்கி என்று தட்டுத் தட்டாக வந்தன. அரசர் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“என் மகள் அவள் தாயின் நாகவங்கியைத்தான் அணியவேண்டும்” என்றார்.

அந்தத் தாய், இரத்தினவல்லி ராணி, இறந்தபோது அரசர் தூர தேசத்தில் போர்க்களத்தில் இருந்தார். திரும்பி வந்தவர், ராணியின் கடைசி நாளைப் பற்றி யாராவது வாய் திறந்தால் தலை போகும் என்று ஆணையிட்டுவிட்டார். அவள் அறையை அப்படியே பூட்டிவைத்து, தினமும் உச்சிவேளையில் விளக்கேற்றிப் பூ வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சபையில் பிச்சாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். அன்று சாயங்காலம் கோமளாங்கி நந்தவனத்தில் அவனைக் கண்டு அழுதாள்.

“அதை என்னால போட முடியாது பிச்சாண்டி மாமா. ஏன்னு சொல்லவும் முடியாது. சொன்னா அப்பா ஆணையை மீறினதா ஆயிடும். அது தூங்காது மாமா. கையில போட்டவங்களையும் தூங்க விடாது.”

பிச்சாண்டி அதற்குமேல் கேட்கவில்லை. ராணி இறந்த சமயம் அவனும் அரசரோடு போர்க்களத்தில் இருந்தவன். ஆனாலும் சபையில் பேசிப்பார்க்கிறேன் என்றான்.

மறுநாள் சபையில், கல்யாணப் பெண்ணுக்கு வேறு வங்கி பார்க்கலாமே என்று மெல்லச் சொல்லிப்பார்த்தான். உடனே பொக்கிஷ அதிகாரி நரசிங்கராயர் எழுந்தார். அரசர் பிச்சாண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

“அரசே, ராணியம்மாளின் நகையை வேண்டாமென்று சொல்ல ராணியம்மாளுக்கே உரிமை உண்டு. பிச்சாண்டி உச்சிவேளையில் அந்த அறைக்குள் போய் அவர்களையே கேட்டு வரட்டும். மறுத்தால் சரி. பேசாமலிருந்தால், மௌனம் சம்மதம். வீண்பேச்சுப் பேசியதற்கு அவன் தலையை வாங்கிவிடலாம்” என்றார்.

பிச்சாண்டி அரசரைப் பார்த்துக் கைகூப்பினான். “ராணியம்மாள் மௌனமாக இருந்தால் கேட்டதற்குச் சம்மதம் என்றே கொள்ளலாமா, அரசே? அதைத் தங்கள் ஆணையாகவே சொல்லவேண்டும்.”

அரசர் அப்படியே ஆணையிட்டார்.

உச்சி வெயிலில் அரண்மனை முழுவதும் வெளிறிக் கிடந்தது. காகம்கூடக் கரையவில்லை. பூட்டைத் திறந்ததும் மஞ்சள் வாசனையும் பழைய மல்லிகை வாசனையும் வந்தன. உள்ளே கட்டில், மூடிய கண்ணாடி, ஒற்றை விளக்கு. நாகவங்கி இருந்த தட்டோடு பிச்சாண்டி உள்ளே போனான். வெளியே நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தான். தட்டில் இருந்த தங்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல.

“தாயே, இந்த வங்கியை உங்கள் மகள் அணிய வேண்டாம் என்பதுதானே உங்கள் விருப்பம்?” என்று உரக்கக் கேட்டான்.

பதில் இல்லை. விளக்கின் சுடர்கூட அசையவில்லை. பிச்சாண்டி வெளியே வந்து வணங்கினான்.

“ராணியம்மாள் மௌனமாக இருந்தார்கள், அரசே. வேண்டாம் என்பதற்கு முழுச் சம்மதம்.”

நரசிங்கராயர் முகம் கறுத்தது. இது புரட்டு, கேள்வியை நேராகக் கேட்கவேண்டும், நானே கேட்கிறேன் என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

“தாயே, இந்த வங்கியை உங்கள் மகள்…” என்று அவர் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தார். தட்டு காலியாக இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கான நாகவங்கி அவருடைய பருத்த கையில், தோளுக்குக் கீழே, சதை பிதுங்கப் பூட்டியிருந்தது. மீசையும் தலைப்பாகையுமாக, புது மணப்பெண்போல் தலைகுனிந்து நின்றார். அரசர் பார்த்தார். உதடு துடித்தது. அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

அறைக்குள்ளே இன்னொருவரும் சிரித்தார். மெல்லிய சிரிப்பு. ஒரு பெண்ணின் சிரிப்பு.

அரசரின் சிரிப்பு நின்றது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

“நானாகப் போட்டுக்கொள்ளவில்லை” என்றார் நரசிங்கராயர். “இறுகுகிறது.”

அவர் விரல்கள் நீலம் பாரிக்கத் தொடங்கின. கோமளாங்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“தட்டானைக் கூப்பிடுங்க! அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. காய்ச்சல்ல கை வீங்கி, ராத்திரியெல்லாம் தூங்காம, கழற்றச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டே இருந்தாங்க. தட்டான் வந்து சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அப்புறம் அது தானா கழன்று விழுந்தது. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

பெண் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அரசர் அவள் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். இத்தனை காலம் அந்தக் குழந்தை இதைத் தனியாகச் சுமந்ததற்குத் தன் ஆணைதானே காரணம் என்று அவருக்கு உறைத்தது.

தட்டான் ஓடிவந்து அரத்தால் நாகவங்கியை அறுத்து எடுத்தான். நரசிங்கராயர் பிழைத்தார். அதன்பிறகு அவர் பிச்சாண்டியின் இலைக்குப் பக்கத்தில் தாமே வந்து உட்கார்ந்தார். தனியாகச் சாப்பிட அவருக்குப் பயமாக இருந்தது. அறுத்த பொன்னை ஆற்றில் விட்டார்கள். அரசர் தம் கழுத்து முத்துமாலையைப் பிச்சாண்டிக்குச் சூட்டி, வேண்டியதைக் கேள் என்றார். ராணியின் அறைக் கதவைத் திறந்தே வைக்கவேண்டும் என்றான் அவன். அன்றே திறந்தார்கள். காற்று வந்தது. வேறெதுவும் அங்கே கேட்கவில்லை.

கோமளாங்கி கயிற்றால் கட்டும் மெல்லிய முத்து வங்கி ஒன்றைத் தானே பார்த்து எடுத்தாள். கல்யாணத்தன்று அரசரே அதை அவள் கையில் கட்டினார். முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி தளர்த்திப் போட்டார். முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று புரோகிதர் சொல்லியும் கையை எடுக்கவில்லை.

“இறுக்குதாம்மா?” என்று கேட்டார்.

“இல்லப்பா” என்றாள் கோமளாங்கி.