ஷட்டர் பக்கத்துப் பாய்

“தாவீது மட்டும் என்ன உசத்தி, டீச்சர்?”

பல நாளாய் நெஞ்சில் கிடந்து உறுத்திய கேள்வி. மாசிலாமணி கேட்டேவிட்டான்.

நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்து பதினோரு நாள். ஜவுளிக்கடையின் நிலவறைக் கிடங்கில் முப்பது பேர் உயிரோடு இருந்தார்கள். சேலைக் கட்டுகளை ஷட்டரை ஒட்டி அடுக்கச் சொன்னவர் டீச்சர். தண்ணீரை மூடியால் அளந்து குடிக்கச் சொன்னவரும் அவர்தான். பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். இப்போது அவர் சொல்வதுதான் வேதம்.

“என்ன உசத்தியைக் கண்டீங்க?”

“உங்க பாய் ஷட்டர் பக்கம். அவன் பாய் உங்களை ஒட்டி. இந்தக் கிடங்குக்கே வாட்ச்மேன் நான். எனக்குக் கடைசி மூலை, பிள்ளைகுட்டிங்களோட. நீங்க பேசறது பாதி காதுல விழறதில்லை.”

தாவீது சிரித்தான். “வந்து எடுத்துக்கோயேன்யா, இந்த அரண்மனையை!”

அந்தச் சிரிப்பில் மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது.

டீச்சர் கருவியை எடுத்து நீட்டினார். கதிர்வீச்சைக் கண்டால் ‘டிக்’ என்னும் பள்ளி ஆய்வகக் கருவி. பேட்டரி தீர்ந்துவிடும் என்று யாரையும் தொடவிடாதவர்.

“இதைக் கையில வெச்சுக்கிட்டுப் போய் உங்க பாயைத் தூக்கிட்டு வாங்க.”

மூலையில் அது ஒரு தரம் டிக் என்றது. அவன் பாயைச் சுருட்டி முடிக்கும்வரை இன்னொன்று வரவில்லை.

தூணருகே மூன்று, நான்கு.

தண்ணீர் டிரம்மைத் தாண்டியதும் தகரத்தில் தூறல் விழுவதுபோல்.

தாவீதின் பாயருகே வந்தபோது தனித்தனியாய் எதுவும் கேட்கவில்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல் ஒரே பொரியல்.

மாசிலாமணி டீச்சரிடம் திரும்பினான்.

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“முதல் நாளே.”

“அவனுக்கு?”

“அவருக்கும்தான்.”

“அப்புறம் ஏன் இங்கேயே கிடக்கறீங்க? உள்ளே தள்ளி வரக்கூடாதா?”

“வெளியே யாராவது தட்டினா உள்ளே கேட்காது.”

டீச்சர் கருவியை வாங்கி அணைத்தார்.

“மூணாம் நாள் உங்க மக தட்டினா. ரொம்ப மெதுவாத்தான் தட்டினா.”

மாசிலாமணி மூலையைத் திரும்பிப் பார்த்தான். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் பாயை உதறினான். டீச்சரின் பக்கத்தில் விரிக்கவில்லை. அவர்கள் இருவரையும் தாண்டிப் போய், ஷட்டரோரச் சேலைக் கட்டுகளை ஒட்டி விரித்தான்.

தாவீதின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“யோவ், எந்திரி. அங்கே நான்தான் படுப்பேன்.”