தக்கைத் தவளையைச் சிறைபிடித்த கொடுவா

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஒரு கொடுவா மீன் வாழ்ந்தது. முழங்கை நீளம். வெள்ளி உடம்பு. கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மீன் என்பதால் நடையே தனி. மீனுக்கு ஏது நடை என்று கேட்கலாம். இந்த மீனுக்கு இருந்தது.

அதன் பின்னாலேயே கொடுவாக் குஞ்சுகள் ஒரு கூட்டமாகத் திரியும். கடலில் அலை எவ்வளவு உயரம், சுறாவை எப்படி முறைப்பது என்று கொடுவா அளந்துவிடும். குஞ்சுகள் வாயைப் பிளந்து கேட்கும்.

ஒருநாள் காலை ஏற்றநீர் வந்தபோது, ஒரு மனிதன் முழங்கால் நீரில் இறங்கித் தூண்டிலை வீசினான். நீர்மேல் ஏதோ விழுந்தது. பொளக். கொஞ்சம் நின்றது. மறுபடியும் பொளக், பொளக்.

குஞ்சுகள் பாயப் போயின. கொடுவா வாலால் தடுத்தது. அருகில் போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. தக்கையில் செய்த தவளை. சிவப்புச் சாயம் பூசி, வாயைக் குழித்து வைத்திருந்தார்கள். இழுக்கும்போதெல்லாம் அந்தக் குழி தண்ணீரை அறைந்து சத்தம் போட்டது.

கொடுவாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தவளைக் குரலிலேயே பேசிக் காட்டியது. "ஐயோ, எனக்குக் கால் சுளுக்கிடுச்சு, நீந்த முடியலையே, யாராவது வந்து என்னைத் தின்னுங்களேன்."

குஞ்சுகள் சிரித்துப் புரண்டன. கொடுவா பாடம் நடத்தியது. மேலே கத்துவது எல்லாம் பொய், கீழே சத்தமில்லாமல் போவதுதான் நிஜம் என்றது.

அந்த மனிதனுக்கும் இந்தப் பாடம் தெரியும். அதனால்தான் தக்கைத் தவளையின் வயிற்றிலிருந்து ஒரு முழத் தங்கூசித் தூண்டில் நரம்பைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் முடியும் இறகும் சுற்றிச் செய்த ஒரு குட்டிப் போலி இறாலைக் கட்டியிருந்தான். உள்ளே முள்.

வேரடியில் இருந்த நண்டக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தவளை நின்றால் இறால் அமிழ்கிறது, தவளை குதித்தால் இறாலும் குதிக்கிறது, அந்த இறாலின் நடப்பு சரியில்லை என்று எச்சரித்தது.

"அக்கா," என்றது கொடுவா, "அவ்வளவு பெரிய பொய்யையே ஒரு பார்வையில் பிடிச்சவன் நான். இத்துனூண்டு இறாலுக்கு எனக்கு வகுப்பு எடுக்குறீங்களா?"

சொன்ன வாயாலேயே இறாலை விழுங்கியது.

முள் உதட்டில் ஏறியது. கொடுவா துள்ளியது, ஓடியது, சேற்றைக் கலக்கியது. எங்கே ஓடினாலும் தக்கைத் தவளை பின்னாலேயே பொளக் பொளக் என்று துரத்தி வந்தது. கடைசியில் சிப்பி அப்பிய பழைய மரக்கட்டை ஒன்றைச் சுற்றி ஓடியபோது, மனிதன் பிடித்திருந்த நரம்பு சிப்பி விளிம்பில் பட்டு அறுந்தது. அவன் வெறும் கோலோடு கரையேறினான்.

கொடுவா தப்பித்தது. ஆனால் உதட்டில் முள், முள்ளில் ஒரு முழ நரம்பு, நரம்பின் மறுமுனையில் அதே சிவப்புத் தவளை, தலைக்கு மேலே மிதந்துகொண்டு.

குஞ்சுகள் மூச்சுவாங்க வந்து சேர்ந்தன. அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று ஒன்று கேட்டது. கொடுவா ஒரு நொடி யோசித்தது.

"என்ன ஆச்சா? தவளையைச் சிறைபிடிச்சுட்டேன். பார்த்தா தெரியலையா?"

குஞ்சுகள் செவுள் அதிர ஆர்ப்பரித்தன. மனிதனின் கையிலிருந்தே பறித்து வந்த வீரன் என்று சேதி அடுத்த ஓடைவரை போயிற்று. தக்கை மேலே இழுத்ததால் கொடுவாவின் முகம் எப்போதும் நிமிர்ந்தே இருந்தது. அதையும் கம்பீரம் என்றார்கள்.

வேட்டைதான் நடக்கவில்லை. கொடுவா வேர்மறைவில் பதுங்கிப் பாய வேண்டிய மீன். இது அசைந்தாலே மேலே பொளக் என்று சத்தம். இறாலும் மடவை மீனும் அந்தப் பக்கமே வருவதில்லை. வயிறு ஒட்டியது. வெள்ளி மங்கியது. உண்ணாவிரதமா என்று கேட்ட குஞ்சிடம், வீரர்கள் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள் என்று கொடுவா பதில் சொன்னது.

பொறுக்க முடியாமல் நண்டக்கா ஒரு நண்பகல் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"வாயை அசைக்காம இரு தம்பி. நரம்புதானே, ஒரே வெட்டு."

"எல்லாரும் என்ன கதைன்னு கேப்பாங்களே."

"ஏமாந்தேன்னு சொல்லு. நான் அழுகின மீன்தலைக்கு ஆசைப்பட்டுக் கூண்டுக்குள்ள போனவ. ஒரு காலை அங்கேயே விட்டுட்டுத்தான் வந்தேன். கேக்குறவங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். குறைஞ்சா போயிட்டேன்?"

கொடுவாவின் கண் கலங்கியது. தண்ணீருக்குள் அது யாருக்கும் தெரியவில்லை. மெல்ல வாயை நீட்டியது. நண்டக்கா கொடுக்கை விரித்தது.

அப்போது பார்த்துக் குஞ்சுகள் வந்துவிட்டன. "அண்ணே, கைதியை விடுதலை பண்ணப் போறீங்களா?"

கொடுவா சட்டென்று தலையை இழுத்துக்கொண்டது. விடுதலையாவது ஒன்றாவது, ஆயுள் தண்டனை என்று அறிவித்தது. அதோடு நிற்காமல், பசித்த உடம்பை உதறிக்கொண்டு, கைதியை இழுத்தபடி திறந்த நீர்ப்பரப்பில் ஒரு வலம் போனது. பொளக். பொளக். குஞ்சுகள் கரையோரம் அணிவகுத்து நின்றன.

வானத்தில் ஒரு விராலடிப்பான் பருந்து வட்டமிட்டது. வெள்ளி மீன்கள் வெள்ளித் தண்ணீரில் அதன் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. இன்றைக்குச் சிரமமே இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி, 'இதோ இங்கே, இதற்கு நேர் கீழே' என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனது.

நண்டக்கா கத்தியது. கொடுவா ஆழத்துக்குப் பாயப் பார்த்தது. தக்கை உதட்டைப் பிடித்து மேலே இழுத்தது. இழுத்துக்கொண்டு இறங்க உடம்பில் தெம்பு இல்லை.

பருந்து நகங்களை நீட்டி விழுந்தது, எழுந்தது. முகத்துவாரத்துக்கு மேலே அது பறந்துபோனபோது, அதன் காலில் கொடுவாவும், கொடுவாவின் வாயில் சிவப்புத் தவளையும் தொங்கின. தவளை இப்போது சத்தம் போடவில்லை.

ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு அதையே வெற்றியாகக் காட்டித் திரிபவனை, அந்தப் பொய்யே பகைவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.